கிராணியின் இடது கண்

உங்கள் வாசலுக்குத் தினமும் வரும் நாயின் கண்ணை நீங்கள் கடைசியாக எப்போது உற்றுப் பார்த்தீர்கள்? வாலைப் பார்த்திருப்பீர்கள், அது ஆடுகிறதா என்பதில் நமக்கு அக்கறை உண்டு. பல்லைப் பார்த்திருப்பீர்கள், அதில் நமக்குப் பயம் உண்டு. கண்ணை? பதிலை அவசரமாகச் சொல்ல வேண்டாம். ஏழாங்கட்டைத் தாமான் குடியிருப்பில் நடந்ததைக் கேட்டு முடித்தபின், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டால் போதும்.

மலேசியாவின் ஈப்போ நகரிலிருந்து ஜெலாப்பாங் தொழிற்பேட்டையைத் தாண்டிப் போனால் ஏழாங்கட்டை வரும். முன்பு அது ரப்பர்த் தோட்டம். பால்மரங்கள் நிரை நிரையாக நின்ற இடத்தில் இப்போது தெருவின் இருபுறமும் வீடுகள் நிரை பிடித்து நிற்கின்றன. மரம் போனது, தோட்டத்துப் பேச்சு போகவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் கலாதேவி வளர்த்த பழுப்பு நிற நாய்க்குக் கிராணி என்ற பெயர் வந்தது அதனால்தான். தோட்டக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை என்று பேர் பதிந்த கணக்கரைத்தான் கிராணி என்பார்கள். இந்த நாயும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் பார்த்தது. காலையில் கோயில் முனையிலிருந்து புறப்படும். இடமும் வலமுமாக ஒவ்வொரு கேட்டின் முன்னும் நிற்கும். உள்ளேயிருந்து ஒரு முகம் எட்டிப் பார்த்தால் அடுத்த வீட்டுக்கு நகரும். தெருக்கோடி வந்ததும் பின்பக்கச் சந்து வழியாக வீடு திரும்பிவிடும்.

இந்தப் பேர்பதிவில் உயிர் பிழைத்தவர் கார்த்திகேசு. அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி காலமாகிவிட்டார், மகனுக்குத் தஞ்சோங் மாலிம் கார்த் தொழிற்சாலையில் வேலை. தெருவின் இடது நிரையில் தனியாக இருந்தார். சென்ற ஆண்டு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். கேட்டுக்கு வந்த கிராணி முகத்தைத் தேடியது. முகம் வரவில்லை. கலாதேவி வேலியேறிக் குதிக்கும்வரை அது குரைப்பதை நிறுத்தவில்லை. இடுப்பு தேறியதும் கார்த்திகேசு செய்த முதல் காரியம், குடியிருப்பாளர் நல்வாழ்வு மன்றத்தின் செயலாளர் என்ற முறையில், அந்த நாய்க்கு ஒரு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியதுதான். தீர்மானத்தின் நகல் ஒன்று கலாதேவியிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. ஒரு கோழித் துண்டு போட்டிருந்தால் கிராணி இன்னும் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கும். ஆனால் அதற்கு முன்னுதாரணம் இருக்கவில்லை.

இவ்வாறிருக்கையில், ஒரு சாயங்காலம் கலாதேவி அவர் கேட்டின் முன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினாள்.

"அண்ணே, கிராணிக்கு இடது கண்ணு சரியில்ல. ஈப்போவுல மிருக டாக்டர் தினேஸ்வரிகிட்ட காட்டிட்டு இப்பதான் வாரேன்."

"தண்ணி வடிஞ்சிக்கிட்டு இருந்திச்சே, அதுவா? தூசிதானே?"

"தூசி இல்லண்ணே. கீழ் இமை உள்பக்கமா மடிஞ்சிருச்சாம். முடியெல்லாம் கண்ணு மணிய உரசிக்கிட்டே இருக்கு. கொஞ்சமா வெட்டித் தையல் போட்டா சரியாயிரும். ஆனா இந்த வாரத்துலயே செய்யணுமாம். உரசி உரசிப் புண்ணு உள்ள எறங்கிட்டா கண்ணு போயிரும்."

"செலவு எவ்வளவாம்?"

"என் ஒரு மாசச் சம்பளம் அப்படியே போயிரும்லா. பரவால்ல. சங்கிலிய அடகு வெச்சிடறேன். நாளைக்கு லீவு சொல்லிட்டேன்."

கார்த்திகேசு நல்ல மனிதர் என்பதை இந்தக் கதை முழுவதும் நீங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். கெட்ட மனிதராக இருந்திருந்தால் கலாதேவி மறுநாள் காலையில் மருத்துவமனைக்குப் போயிருப்பாள்.

"சங்கிலி கழுத்துலயே கெடக்கட்டும், தங்கச்சி. எனக்கு உசிரு குடுத்த நாய் அது. அதுக்கு நீ ஒருத்தியா செலவழிக்கிறதா? மன்றம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

"மன்றம் எப்பண்ணே குடுக்கும்?"

"முறைப்படி போனா சீக்கிரமே குடுக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. முப்பது ஆண்டு அரசுப் பணியில் அவர் ஒரு பொய்யும் சொன்னதில்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று அவர் எழுதிய ஒவ்வொன்றும் மெய்யாகவே பரிசீலனையில் இருந்தது. சில இன்றும் இருக்கின்றன.

அவசரக் கூட்டம் கோயில் மண்டபத்தில் கூடியது. மன்றத் தலைவர் தர்மேந்திரன் லாரிக் குத்தகைக்காரர். தம் பெயருக்கு முன்னால் டத்தோ என்ற பட்டம் என்றைக்காவது வரும் என்று, வீட்டு வாசற்பலகையில் பெயருக்கு முன் ஒரு சாண் இடம் விட்டு வைத்திருப்பவர்.

"உதவி உறுப்பினருக்கு மட்டும்னு சட்டவிதி சொல்லுது," என்று தொடங்கினார் கார்த்திகேசு. "கிராணி உறுப்பினர் இல்ல."

"அப்ப உறுப்பினராக்கிடுவோம்லா."

"பதினெட்டு வயசு ஆகியிருக்கணும், தலைவரே. அதுக்கு அஞ்சுதான் ஆகுது."

"நாய்க்கு ஒரு வயசுன்னா நம்மளுக்கு ஏழு வயசும்பாங்க. முப்பத்தஞ்சு வருது. பிறகென்ன?"

"அப்ப இளைஞர் பிரிவுலயும் சேரலாம்," என்றார் ஒருவர். அந்தப் பிரிவில் ஏற்கெனவே உறுப்பினர் யாரும் இல்லாததால், கிராணி போட்டியின்றிப் பிரிவுத் தலைவராகும் வாய்ப்பும் குறித்துக்கொள்ளப்பட்டது. நன்னடத்தை பற்றிக் கேள்வி எழுந்தது. ஒருமுறை தபால்காரரின் காற்சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறது. ஆட்சேபம் உள்ளோர் தெரிவிக்கும் பொருட்டு, விண்ணப்பத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைப்பதென முடிவாயிற்று.

"சரி, நிதி," என்றார் தர்மேந்திரன். "நிதின்னா விருந்து. விருந்துன்னா பிரமுகர். ஒரு டத்தோவ அழைக்காம காசு சேத்தா அது கையேந்துற மாதிரி இருக்கும். டத்தோ வந்து உக்காந்துட்டா அது சமுதாயப் பணி. நான் பேசிட்டேன். அவருக்கு அடுத்த மாசக் கடைசியிலதான் நாள் இருக்கு."

பொருளாளர் நல்லம்மாள் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர். அடுப்பில் வைத்தது தீய்ந்துவிடும் என்ற எண்ணம் எப்போதும் உள்ளவர். "டாக்டர் இந்த வாரத்துலன்னு சொன்னாங்களாமே," என்றார். "கையில இருக்கிற காச முதல்ல குடுத்துருவோம். விருந்த பிறகு வெச்சா என்ன?"

"நல்லம்மாக்கா," என்றார் தர்மேந்திரன், குழந்தைக்குச் சொல்வது போல. "ஆபரேசன் முடிஞ்சு கண்ணு நல்லாயிருச்சுன்னு வைங்க. மேடையில யாருக்கு மாதிரிக் காசோலை குடுக்கிறது? நல்லாருக்கிற நாய்க்கு எதுக்குய்யா நிதின்னு ஜனங்க கேக்க மாட்டாங்களா? டத்தோ கேக்க மாட்டாரா?"

நம் தாமான்களில் நடந்த எத்தனையோ விருந்துகளில், சக்கர நாற்காலியும் அட்டைக் காசோலையும் ஒரே படத்தில் இருந்தால்தான் நிதி சேரும் என்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். கார்த்திகேசு கூட்டக் குறிப்பில், தமக்கே பெருமையூட்டிய கையெழுத்தில், இவ்வாறு பதிந்தார்: 'பயனாளி, நிதி ஒப்படைக்கப்படும் நாள்வரை, உதவி தேவைப்படும் நிலையிலேயே இருத்தல் வேண்டும்.'

இனி நடந்தது நாகரிகம் சம்பந்தப்பட்டது. தலைவரின் மனைவி பிரமிளாவிடம் வெளிநாட்டு இன நாய் ஒன்று இருந்தது. தட்டையான முகம், பிதுங்கிய கண், பெயர் பிரின்செஸ். கிராணியின் கண்ணைப் பற்றிக் கேள்விப்பட்ட பிரமிளா, நாய்களுக்கென்றே செய்த கறுப்புக் கண்ணாடி ஒன்றை இணையத்தில் வரவழைத்துப் பிரின்செஸுக்கு மாட்டிப் படம் போட்டார். காரணம் கேட்டவர்களுக்கு "விழிப்புணர்வு" என்றார்.

அந்தச் சொல்லுக்கு எதிராகப் பேச இந்நாட்டில் ஆள் இல்லை. அடுத்த வாரம் ஏழாங்கட்டையில் கறுப்புக் கண்ணாடி போடாத நாய் அநாதை நாய் என்றாயிற்று. ஒரு நாய் வாய்க்காலில் இறங்கி நடந்தது. இன்னொன்று தன் எசமானரை வீட்டுக்குள் விட மறுத்தது. பிறகு எசமானர்களும் கண்ணாடி மாட்டிக்கொண்டார்கள். காலைச் சந்தையில் கீரை வாங்குவோரும் விற்போரும் கறுப்புக் கண்ணாடியுடன் ஒருவரையொருவர் தடவிப் பார்த்துக் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள். கிராணியின் கண்ணைப் பெரிதாக அச்சடித்த சட்டைகள் ஆயர் தாவார் ஊரிலிருந்தும் கேட்டு வந்ததாகச் சொன்னார்கள். எல்லாருடைய நெஞ்சிலும் கிராணியின் கண் இருந்தது. கிராணியின் முகத்தில் இருந்த கண்ணைத்தான் யாரும் பார்க்கவில்லை; ஏனெனில் அதற்கும் ஒரு கண்ணாடி மாட்டிவிட்டிருந்தார்கள். கண்ணாடியின் பட்டை, மடிந்த இமையை மேலும் உள்ளே அழுத்தியது. வேலை முடிந்து வந்த கலாதேவி அதைக் கழற்றி வாய்க்காலில் வீசினாள். மன்றத்தின் நல்லெண்ணத்தை அவமதித்தாள் என்று தெருவில் பேச்சு எழுந்தது.

மறுநாள் அவள் கார்த்திகேசுவின் வீட்டுக்குக் கிராணியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நாய் தலையைச் சாய்த்து, இடது கண்ணை இறுக மூடியபடி நின்றது. அவள் இமையை விலக்கிக் காட்டினாள்.

"பாருங்கண்ணே. கண்ணு மேல பால் ஊத்தின மாதிரி இருக்கு. ராத்திரியெல்லாம் மொனகிக்கிட்டே கெடக்கு. நான் நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

கார்த்திகேசு பார்த்தார். உடனே பார்வையைத் திருப்பி நாட்காட்டியைப் பார்த்தார். "தங்கச்சி, கொஞ்சம் பொறுத்துக்கோ. விருந்துல உக்கார்ற மேசையெல்லாம் வித்தாச்சு. அழைப்பிதழ் அடிச்சாச்சு. நாய் நல்லாயிட்டா, இல்ல மேடைக்கு வரலன்னா, ஜனங்க உன்னத்தான் கேப்பாங்க."

"என்னன்னு?"

"ஊரே சேந்து குடுக்கிறத வேணாம்னு சொன்ன பொம்பளன்னு."

கலாதேவி நாயின் இமையிலிருந்து கையை எடுத்தாள். "அண்ணே, நீங்க குளியலறையில விழுந்து கெடந்தப்ப நான் கூட்டம் போட்டேனா?"

கார்த்திகேசுவின் முப்பது ஆண்டுப் பழக்கம் நாக்கின் நுனியிலேயே இருந்தது. "நான் உறுப்பினர்லா, தங்கச்சி," என்றார். "கிராணி விண்ணப்பம் இன்னும் உறுதியாகல."

அவள் நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மருத்துவமனைக்கு அல்ல, வீட்டுக்கு. ஊரே கூடி உதவி செய்யும்போது அதை மறுப்பது எவ்வளவு கடினம் என்பது, உதவி பெற்றவர்களுக்கு மட்டுமே தெரியும்.

விருந்து நாளும் வந்தது. சமையல் ஜைனுலாப்தீனுடையது. பெரிய சாலையில் உணவகம் வைத்திருப்பவர். ஏழாங்கட்டையின் கல்யாணம், கருமாதி எதற்கும் சட்டி தூக்கி வருபவர்.

"பாய், நாய் மேடையில இருக்கும். உங்களுக்கு ஒண்ணும் சங்கடம் இல்லையே?" என்று கேட்டார் கார்த்திகேசு.

"நான் தள்ளி நின்னு பரிமாறிக்கிறேன் அண்ணே, அதனால என்ன," என்றார் அவர், பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்தபடி. "ஆனா ஒண்ணு. தூரத்துல நிக்கிற எனக்கே அந்தக் கண்ணப் பாத்தா வலிக்குது. கிட்ட நிக்கிறவங்களுக்கு வலிக்கலியா?"

கார்த்திகேசு ஒலிபெருக்கியைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

டத்தோ தாமதமாக வந்தார்; அதுவே அவர் மெய்யான டத்தோ என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. மேளம் முழங்கியது. கிராணிக்குச் செவ்வந்தி மாலையும், மாலைக்கு மேல் பொன்னாடையும் போர்த்தப்பட்டன. தொலைநோக்குப் பார்வையுள்ள சமுதாயமே முன்னேறும் என்று டத்தோ நெடுநேரம் உரையாற்றினார். நாயின் பெயரை அவர் இருமுறை தவறாகச் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு கதவளவு அகலமான அட்டைக் காசோலையைத் தூக்கி வந்தார்கள்.

"கொஞ்சம் நாய இந்தப் பக்கம் திருப்புங்க," என்றார் படம் பிடிப்பவர். "அந்தக் கண்ணு படத்துல நல்லாருக்காது."

கலாதேவி திருப்பிவிட்டாள். மறுநாள் எல்லாருடைய கைப்பேசிக்கும் வந்த படத்தில் டத்தோ இருந்தார், தலைவர் இருந்தார், காசோலை இருந்தது. ஓரத்தில் கிராணியின் வலது கண், ஒரு குறையுமில்லாமல், பளிச்சென்று இருந்தது.

திங்கட்கிழமை காலை கார்த்திகேசு, கலாதேவி, கிராணி மூவரும் ஈப்போவுக்குப் புறப்பட்டார்கள். உண்மைக் காசோலைக்கு இன்னும் மூன்று கையெழுத்து வேண்டியிருந்தது. ஆகையால் அத்தாட்சியாக அட்டைக் காசோலையையே எடுத்துப் போனார்கள். சின்ன வாடகைக் காரில் அது அடங்கவில்லை. வழிநெடுக அவர் அதை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டே போனார்.

டாக்டர் தினேஸ்வரி காசோலையைப் பார்க்கவில்லை. சிறு விளக்கை அடித்துக் கண்ணைப் பார்த்தார். விளக்கை அணைத்தார்.

"புண்ணு முழுசா எறங்கி, கண்ணு மணி ஓட்டையாயிருச்சு. இனி இமையத் தைச்சுப் பிரயோசனம் இல்ல. கண்ணையே எடுத்துடணும். வலியாவது நிக்கும். அன்னிக்கே வந்திருந்தா சின்ன வேலையா முடிஞ்சிருக்கும்மா."

கார்த்திகேசு அட்டைக் காசோலையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "டாக்டர், ரசீதுல 'பார்வை மீட்பு'ன்னு போட்டுத் தர முடியுமா? நிதி அந்தத் தலைப்புலதான் சேத்திருக்கு. கண்ணு அகற்றுறது நோக்கத்துக்குள்ள வராது."

"மீட்கிறதுக்குப் பார்வை எங்க சார் இருக்கு?"

கலாதேவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கைக்குள் மடித்துக்கொண்டாள். "அடகுக் கடை எதிர்த்தாப்புலதான் இருக்கு. கொஞ்சம் இவனப் பிடிச்சிக்கிட்டு இருங்கண்ணே."

கிராணியைக் கார்த்திகேசு கையால் தொட்டுப் பிடித்தது அதுவே முதல்முறை. நாய் அவர் காலணி மேல் தலையை வைத்துக்கொண்டது. இடது கண்ணிலிருந்து ஏதோ சொட்டி, மெருகிட்ட காலணித் தோலின் மீது பரவியது. அவர் துடைக்கவில்லை. துடைக்காமல் இருப்பதற்கு முறை இருக்கிறதா என்றும் அன்று அவர் யோசிக்கவில்லை.

பார்வை மீட்பு நிதி ஒரு காசு குறையாமல் வங்கியில் இருக்கிறது. கணக்காய்வாளர் அதைப் பாராட்டினார்.

தையல் பிரித்ததும் கிராணி வேலைக்குத் திரும்பியது. கோயில் முனையிலிருந்து புறப்பட்டு, வலது நிரையில் ஒவ்வொரு கேட்டின் முன்னும் நின்றது, முகம் பார்த்தது, நகர்ந்தது. இடது நிரைப் பக்கம் அது தலையைத் திருப்பவே இல்லை. அந்த நிரையில்தான் தலைவர் வீடு, நல்லம்மாள் வீடு, மன்றச் செயற்குழுவில் பெரும்பாலோர் வீடு. கார்த்திகேசுவின் வீடும் அங்கேதான்.

ஒற்றைக் கண்ணுக்குப் பழக்கம் இல்லாமல் இருக்கும் என்று முதல்நாள் அவர் எண்ணினார். அடுத்த நாள் கேட்டைத் திறந்து வெளியே வந்து நின்றார். அதற்கும் அடுத்த நாள் கூப்பிட்டார்.

"கிராணி, நான் இங்க இருக்கேன்லா."

அது காதை மட்டும் அசைத்துவிட்டு நடந்து போயிற்று. குளியலறைத் தரை ஈரமாக இருக்கிறதா என்று அன்று அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு டாக்டருக்குப் போன் செய்தார். "இடது பக்கம் தெரியாததாலதானே டாக்டர்?"

"கண்ணு இல்லாட்டியும் மூக்கு இருக்கே சார். வாசத்துலயே எல்லா வீட்டையும் கண்டுபிடிக்கும். நிக்கலன்னா, அது நீங்க என்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி இல்ல."

மன்றம் மீண்டும் அவசரமாகக் கூடியது. நாயைத் தெருக்கோடியிலிருந்து எதிர்த்திசையில் நடக்கவிட்டால் இடது நிரை வலது நிரையாகிவிடும் என்று இடது நிரை முன்மொழிந்தது. வலது நிரை கடுமையாக ஆட்சேபித்தது. ஒற்றை நாள் ஒரு திசை, இரட்டை நாள் மறு திசை என்று சமரசம் பேசிக்கொண்டிருந்தபோது, பிரமிளாவின் மடியில் கறுப்புக் கண்ணாடியுடன் உட்கார்ந்திருந்த பிரின்செஸை நல்லம்மாள் உற்றுப் பார்த்தார்.

"பிரமிளா, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் கழட்டு. ஓரத்துல என்னமோ வடியுது."

கழற்றினார்கள். பிதுங்கிய கண்களில் ஒன்று சிவந்து, நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது. எப்போது விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாரும் விழிப்புணர்வில் இருந்தார்கள்.

"இத இன்னைக்கே காட்டணும்லா," என்றார் நல்லம்மாள்.

தர்மேந்திரன் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "அவசரப்படாதீங்கக்கா. நிதி வங்கியில அப்படியே இருக்கு, பயனாளிதான் இல்லாம இருந்திச்சு. இப்பக் கெடச்சாச்சு. டத்தோவுக்கு எப்ப நாள் இருக்குன்னு கேக்கிறேன். செயலாளர், பதிஞ்சிக்கிங்க."

கைதட்டல் எழுந்தது. கார்த்திகேசுவின் பேனா பழக்கத்தால் தானாகவே ஓடியது: 'பயனாளி, நிதி ஒப்படைக்கப்படும் நாள்வரை...' அங்கே நின்றது. அவர் தலையை நிமிர்த்தித் திறந்த வாசலைப் பார்த்தார். வெளியே, தெருவின் வலது ஓரமாக, கிராணி கலாதேவியின் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அவர் அந்த வரியை முடித்தாரா, அடித்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏனெனில் அந்தப் பேனா இப்போது உங்கள் கையிலும் இருக்கிறது, என் கையிலும் இருக்கிறது. கைதட்டிய மண்டபத்தில் நாமும் ஒரு மேசை வாங்கியிருந்தோம். நம் வீடுகள் எல்லாம் இடது நிரையில்தான் இருக்கின்றன.

ஆகையால் இந்தக் கதையை மூடி வையுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே, இன்றே, இப்போதே வாசலுக்குப் போங்கள். குனியுங்கள். கறுப்புக் கண்ணாடி இருந்தால் கழற்றுங்கள். இரண்டு கண்ணையும் பாருங்கள், படத்தில் நன்றாக இராத கண்ணை முதலில். நீர் வடிகிறதா, சிவந்திருக்கிறதா, மூடியே இருக்கிறதா? வண்டிச் சாவியை எடுங்கள், நாயை ஏற்றுங்கள், புறப்படுங்கள். வழியில் மாலை வாங்க நிற்க வேண்டாம்.